சோம்பல் எனப் பெயர் பெற்ற நோய்

பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுமுன்னே மரத்தடியில் அமர்ந்துவிடுபவனை மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள் ‘சோம்பேறி’ என்றே அழைத்தன. இது நம் தோட்டங்களுக்கு மட்டும் உரிய வழக்கன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழை உழவரை வாட்டிய கொக்கிப்புழுவிற்கு, 1902இல் செய்தித்தாள்கள் ‘சோம்பலின் கிருமி’ என்றே பெயர் சூட்டின.

கொக்கிப்புழு சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழ்வது. அதன் இளம்புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் என்பதை எகிப்தில் ஆய்வு நடத்திய ஆர்தர் லூஸ் 1898இல் வெளியிட்டார். கழிப்பிடமற்ற லயங்கள், நிழலார்ந்த ஈரமண், செருப்பறியாக் கால்கள் ஆகியவை ஒருங்கே அமைந்துவிட்டால் புழுவிற்கு வேறென்ன வேண்டும்?

ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. புழு உடலில் இருத்தல் வேறு. அது நோயாதல் வேறு. சில புழுக்களே உடையவனாய், இறைச்சியும் கீரையும் நிறைய உண்பவன், அவை தன்னிடம் இருப்பதை அறியாமலே வாழ்ந்துவிடலாம். சோறும் சிறிது கருவாடும் உண்டு, நாள்தோறும் அதே மண்ணை மிதிப்பவனுக்கோ புழுக்கள் மேன்மேலும் சேர்கின்றன. இழந்த இரத்தம் ஈடாவதில்லை. நாக்கு வெளிறும், நெஞ்சு படபடக்கும், கால் வீங்கும். அமர்ந்து கணக்கெழுதும் கிராணிக்கு அத்துணைத் துன்பம் தராத அதே இரத்தசோகை, வாளி சுமந்து மேடேறும் பால்மரத் தொழிலாளியை மூச்சிரைக்க வைத்துவிடும். கங்காணியைக் குறைகூறிப் பயனில்லை. அவரும் அதே மண்ணை மிதித்தவர்தாம்.

ராக்ஃபெல்லர் அறநிறுவனம் 1915இல் அனுப்பிய ஆய்வுக்குழுவின் தலைவர் சாமுவேல் டார்லிங், புழு உண்டா இல்லையா என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை புழுக்கள் என்று எண்ணிப் பார்த்தார். அக்குழுவின் அறிக்கை மலேரியாவையும் கொக்கிப்புழுவையும் சேர்த்தே ஆராய்ந்தது. அதுவே முறை, ஏனெனில் தொழிலாளியின் இரத்தத்தை இரண்டுமே குறைத்தன.

மலேரியாவின் கதையோ இன்னும் கசப்பானது. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், தோட்டத்துக் குழந்தைகளின் வயிற்றைத் தடவி, வீங்கிய மண்ணீரலைக் கொண்டு நோயின் அளவைக் கணித்தார். கடலோரத் தாழ்நிலத்தில் காட்டை அழித்து வடிகால் வெட்டியபோது காய்ச்சல் தணிந்தது. குன்றுப்புறத்திலோ காட்டை அழித்ததனாலேயே பெருகிற்று. ஓடைகளில் வெயில் பட்டதும், வெயிலை விரும்பும் வேறொரு கொசுவினம் அங்கு முட்டையிட்டது. மண்ணுக்கடியில் குழாய் வடிகால் பதிக்கவும் எண்ணெய் தெளிக்கவும் பொருள் வேண்டியிருந்தது. அதைச் செலவிடாத தோட்டத்தில் தொழிலாளிக்குக் கிடைத்தது ‘கொய்னா’ மட்டுமே. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது. ஆகவே காய்ச்சல் முற்றும் தணியுமுன்னே அவன் மீண்டும் மரத்தை நாடிச் சென்றான்.

கொக்கிப்புழுவிற்கும் மருந்து இருந்தது. அதை விழுங்கிப் புழுக்களை வெளியேற்றிய தொழிலாளி, கழிப்பிடமில்லாத அதே லயத்திற்குத் திரும்பினான். சில மாதங்களில் மீண்டும் வெளிறினான்.