செதிலின் கீழே குருதி

நோய்களுள் ஊரார் கண்ணுக்கு முதலிற் படுவது தோல்நோயே. அதனால் மருத்துவர் ஆராயுமுன் ஊர் தீர்ப்புக் கூறிவிடுகின்றது. சொரியாசிஸ் எனப்படும் செதிலுதிர் நோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஐரோப்பாவில் இந்நோய் நெடுங்காலமாகத் தொழுநோயினின்றும் பிரித்தறியப்படவில்லை. ஆதலால், தொற்றாத நோயுடையோரும் தொற்றுநோயாளரென அஞ்சி விலக்கப்பட்டனர். இலண்டன் மருத்துவர் றொபேட் வில்லன் 1808 ஆம் ஆண்டளவில் இதனைத் திருத்தமாக வருணித்தார். எனினும், அதன் ஒரு வகைக்குத் தொழுநோயின் பெயரையே வழங்கினார். 1841 இல் வியன்னா நகரத்துப் பேர்டினன்ட் ஹெப்றாவே இரண்டும் வெவ்வேறெனத் தெளிவுபடுத்தினார்.

ஹெப்றாவின் மாணாக்கரான ஹைன்றிக் ஔஸ்பிற்ஸின் பெயரால் ஓர் அடையாளம் இன்றும் வழங்குகின்றது. வெண்செதிலை மெல்லச் சுரண்டினால் ஊசிமுனையளவான குருதித்துளிகள் அரும்பும். தோலின் மேற்பரப்பை அண்மித்து, விரிந்தும் முறுக்குண்டும் கிடக்கும் நுண்குழாய்களே அதற்குக் காரணம். அக்குழாய்களை அங்ஙனம் வளரச் செய்வது யாது?

விடைக்கு வழிகாட்டியது புற்றுநோய் ஆராய்ச்சி. கட்டியானது ஒரு பொருளைச் சுரந்து, தனக்கு உணவூட்டும் குருதிக்குழாய்களை வளர்த்துக்கொள்கின்றது என்று பொஸ்தன் நகர அறுவை வைத்தியர் ஜூடா போக்மன் 1971 இல் எழுதினார். பலர் நம்ப மறுத்தனர். மறு ஆண்டிலேயே அவர் செதிலுதிர் நோயிலும் புதுக்குழாய் வளர்ச்சி நிகழ்வதைச் சுட்டிக்காட்டினார். 1983 இல் டொனால்ட் செங்கரும் ஹரல்ட் துவோறாக்கும் குழாய்களைக் கசியச் செய்யும் புரதமொன்றை அறிவித்தனர். 1989 இல் நப்போலியோனே பெறாறா குழாய்களை வளர்க்கும் புரதமொன்றைப் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒன்றே எனப் புலனாயிற்று. 1994 இல் அப்புரதம் செதிலுதிர் நோயாளரின் தோலில் மிகுந்திருப்பது காணப்பட்டது. நோய் கடுமையாயுள்ளோரின் குருதியிலும் அது உயர்ந்திருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

ஆயினும், அவ்வளவு ஒன்றைக்கொண்டு நோயைத் துணிதல் இயலாது. மூட்டுவாதத்திலும் புற்றுநோயிலும் அது உயர்வதுண்டு. எடுத்த குருதி உறையும்போது குருதிச் சிறுதட்டுகளும் அதனை வெளிவிடுவதால் கணக்குப் பிழைத்தலும் கூடும். எனவே நோயைத் துணிவதற்கு மருத்துவரின் கண்ணும் கையுமே இன்றும் முதன்மையானவை.

எனினும் இந்த ஆராய்ச்சியாற் பெற்ற பயன் சிறிதன்று. செதில் வெறும் அழுக்குமன்று, பாவத்தின் பயனுமன்று. உடலின் உள்ளே நிகழும் அழற்சியின் வெளித்தோற்றமே அது. இவ்வுண்மையை உணர்ந்தோர், இந்நோயுடையார் நீட்டும் கையைப் பற்ற அஞ்சார்.