சுன்னாகத்துக் கிணறும் மாறும் காலநிலையும்: ஒரு நோய் வரலாறு

புவி வெப்பமடைவதால் உடல்நலம் கெடும் என்றால் வெப்ப அலையைத்தான் முதலில் நினைக்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் அந்தக் கேடு பெரும்பாலும் கிணற்று வழியாகவே வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். காலநிலை அங்கு புதிய நோயைக் கொண்டுவருவதைவிட, முன்னைய தலைமுறைகள் நிலத்தடியில் விட்டுச்சென்ற கோளாறுகளைக் கூர்மையாக்குகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை; அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் பெய்துவிடும். அது மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலிருந்து உவர் சுமார் நாற்பது அடி மேலேறும் என்பது நீரியலின் பொது விதி. குடாநாட்டின் நான்கு நீர்ப்படுகைகளில் வலிகாமத்தின் கீழுள்ளதற்கு அங்குள்ள சுன்னாகம் என்ற ஊரின் பெயரே வழங்குகிறது.

தண்ணீரால் நோய் வருவது இங்கு புதிதன்று. 1860களின் நடுவில் வாந்திபேதி குடாநாட்டை வாட்டியது. அக்கால நோய் கிருமியால் வந்தது, கொதித்த நீரில் அடங்கக்கூடியது. பின்னர் கிணற்றில் சேர்ந்தவை அப்படிப்பட்டவையல்ல.

திருப்பம் இறைப்பில் நேர்ந்தது. முன்னாளில் கிணற்றுத் துலாவில் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். இன்னொருவர் பாத்தி மாறிக் கட்டுவார். ஆள்பலம் தளரும்போது இறைப்பும் நின்றுவிடும். கிணறு ஊறுவதற்கு அந்த ஓய்வே போதும். நீரிறைக்கும் இயந்திரம் பரவியபின் அந்தக் கட்டுப்பாடு போயிற்று. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போக, செம்மண் தோட்டங்களில் யூரியாவும் தாராளமாக விழுந்தது. அந்தச் செழிப்பை இன்று குறைசொல்வது எளிது. பிள்ளைகளின் படிப்பும் கல்வீடும் பல குடும்பங்களுக்கு அதிலிருந்தே வந்தன.

பயிர் உண்டது போக மிஞ்சிய நைதரசன் நைத்திரேற்றாகிக் கிணற்றில் இறங்கியது. அடர்ந்த குடியிருப்புகளின் மலசலகூடக் குழிகளும் அதற்குத் துணைபோயின. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. புட்டிப்பால் குடிக்கும் சிசுவின் குருதி பிராணவாயுவைச் சுமக்க இயலாமல் உடல் நீலம்பாரிப்பது இதன் நேரடி ஆபத்து. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும்.

மழையின் போக்கு மாறுவது இங்கேதான் உறைக்கிறது. அடைமழை ஒரேயடியாகக் கொட்டும்போது மண்ணிலுள்ள உரம் கழுவுண்டு கீழிறங்கும். ஊறவேண்டிய நீரோ வழிந்து கடலுக்குப் போகும். அடுத்த கோடை நீண்டால், அதே கிணற்றில் உவர் தலைகாட்டும். வங்கதேசக் கரையோரத்தில் குடிநீர் உவர்ப்புக்கும் கர்ப்பிணிகளின் உயர் குருதியழுத்தத்துக்கும் ஆய்வாளர்கள் தொடர்பு கண்டிருக்கிறார்கள்.

இடையில் இன்னொரு கேடும் சேர்ந்தது. சுன்னாகத்து மின் உற்பத்தியின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. வானத்தைச் சூடாக்கும் எரிபொருளே நிலத்தடியையும் கெடுத்த விந்தை இது.

உவர்ப்பு குடிநீரோடு நிற்பதுமில்லை. டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில் மட்டுமே பெருகும் என்ற நம்பிக்கையில்தான் ஒழிப்பு வேலைகள் வகுக்கப்பட்டிருந்தன. ரஞ்சன் ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சி. நோபிள் சுரேந்திரனும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தகர்த்தது. கரையோரக் கிணறுகளிலும் கைவிட்ட படகுகளிலும் தேங்கிய உவர் கலந்த நீரில் அதன் குடம்பிகள் வளர்வதை அவர்கள் கண்டனர். கடல்மட்டம் உயர்ந்து உவர் உள்நாட்டுக்கு நகர நகர, நுளம்பு தேடும் பணியாளர் எட்டிப்பார்க்க வேண்டிய இடங்களும் கூடும்.

வறட்சி மட்டுமல்ல, வெள்ளமும் நோய் தரும். 2024 நவெம்பர்க் கடைசியில் பெருமழை வெள்ளம் வடிந்ததும் டிசெம்பரில் எலிக்காய்ச்சல் கிளம்பி, யாழ் மாவட்டத்தில் குறைந்தது ஏழு பேரைக் காவுகொண்டது. அவ்வாண்டு ஓகஸ்டில்தான் தாழையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டிருந்தது. குடிநீருக்கு அது பெரும் ஆறுதல்தான். ஆனால் குழாய்நீர் விட்டுவிட்டு வரும் வீடுகளில் தாங்கியும் பீப்பாவும் பெருகும். மூடாத தாங்கி நுளம்புக்கு வசதி. தோட்டத்துக்கோ இன்றும் கிணறுதான் இறைக்கப்படுகிறது, உரமும் அதே பாத்திக்குள்தான் விழுகிறது.