பழைய பெரும்படிவக் கேமராவும் லென்ஸும்: தேர்வு (கிள்ளான் பள்ளத்தாக்கு)

4×5 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள தனித்தாள் பிலிமில் படமெடுப்பது பெரும்படிவக் கேமரா. மலாயாவில் இதற்கு முந்தியது கண்ணாடித் தகட்டுக் கேமரா. 1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் புகைப்பட நிறுவனத்தின் படங்களில் அக்காலக் கோலாலம்பூரும் உண்டு.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரப்பதம் பழைய கருவிக்குப் பகை. வாங்குமுன் பார்க்க வேண்டியது தயாரிப்பாளர் பெயரை அல்ல, லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையிலுள்ள மடிப்புத் துருத்தியை. இருட்டறையில் அதனுள் சிறு டார்ச்சை வைத்தால் மடிப்பு மூலைகளிலுள்ள ஊசித்துளைகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். லென்ஸை விளக்கெதிரே சாய்த்துப் பார்க்கையில் சிலந்திவலை போன்ற இழை தென்பட்டால் அது பூஞ்சை. கண்ணாடியை அரித்துவிட்டிருந்தால் துடைத்தும் பயனில்லை.

4×5க்கு 150 மி.மீ., 8×10க்கு 300 மி.மீ. இயல்பான குவியத்தூரம். லென்ஸ் விழுத்தும் ஒளிவட்டம் பிலிமின் மூலைவிட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில் கோபுரம் படத்தில் சாயாமலிருக்க லென்ஸ் பலகையை உயர்த்த வேண்டும். அப்போது ஒளிவட்டம் சிறிதானால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். 1902இல் வந்த டெஸ்ஸார் லென்ஸ் கூர்மையானது, ஆனால் பலகையை உயர்த்த அதன் ஒளிவட்டம் போதாது. இதற்குக் கோயர்ஸ் டாகோர் லென்ஸ் மேல்.

ஷட்டரில்லாப் பித்தளை லென்ஸ் அழகுதான். ஆனால் நண்பகல் வெயிலில், 100 வேகப் பிலிமுக்கு எஃப் 22இல் ஏறத்தாழ 1/50 நொடி போதும். லென்ஸ் மூடியைக் கையால் திறந்து மூடி அவ்வேகம் பிடிக்க முடியாது. ஆலப்புழையின் வாகீஸ்வரி போன்ற மரக்கேமராக்களிலும் தகட்டுப் பெட்டியின் அளவைக் கேட்டறிக: அரைத்தகட்டு அளவில் பிலிம் அரிது. முதல்முறை வாங்குவோர் 4×5 அளவையே கொள்வது நல்லது.