கல்நார் போர்த்திய சுரங்கம்

நிலத்தடிக் குழாயில் நீராவியை அனுப்புவது எளிது; அதன் சூட்டைக் காப்பதே கடினம். அமெரிக்காவின் லாக்போர்ட் நகரில், 1877இல் பேர்ட்சில் ஹாலி ஒரே கொதிகலனிலிருந்து பல கட்டடங்களுக்கு நீராவி அனுப்பிக் குளிர் போக்கியபோதே இச்சிக்கல் உடன் பிறந்தது. சூடு மண்ணுக்குள் கசிந்தால் நீராவி வழியிலேயே நீராகிவிடும். எரித்த நிலக்கரி வீண். ஆகவே குழாய்களுக்குப் போர்வை தேவைப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அப்போர்வையாகப் பரவலாக அமைந்தது கல்நார். அது தீப்பற்றாது, விலையும் மலிவு. வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்ற வளாகத்திலும் அதுவே குழாய்களைச் சுற்றியிருந்தது. 1910இல் இயங்கத் தொடங்கிய நிலையத்திலிருந்து சுரங்கவழிகளில் செல்லும் அந்நீராவியே அவைக் கட்டடங்களையும் காங்கிரஸ் நூலகத்தையும் வெதுவெதுப்பாக வைத்தது.

காலப்போக்கில் உறை உதிர்ந்து, கல்நார்த் தூள் சுரங்கத்தில் படிந்தது. அங்குப் பழுதுபார்த்த பத்துத் தொழிலாளர்கள் 2006இல் தம் நிலையை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதமாக எழுதினர். 2007இல் உண்டான உடன்பாடு, ஐந்தாண்டுகளில் சுரங்கங்களைச் சீர்செய்ய வழிவகுத்தது. ஆயினும் நுரையீரலில் தங்கிய இழை, பல பத்தாண்டுகள் கழித்தும் நோயாக வெளிப்படக்கூடியது.

இங்கு நாம் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தை 1970இல் இயற்றியது இதே நாடாளுமன்றம்தான். அதன் காப்பைத் தன் பணியாளர்க்கும் உரியதாக்க அது சட்டம் செய்ததோ 1995இல். வெப்பக்காப்பின் வரலாற்றில் மிச்சமான எரிபொருளை மட்டும் நாம் கணக்கிட்டால் போதாது. அச்சுரங்கத்தில் மூச்சுவிட்டவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.