பிக்ஸ் சோதனை

இங்கிலாந்து அரச நாணயச்சாலையில் அச்சான நாணயங்களின் எடையையும் உலோகத் தூய்மையையும் சில மாதிரிகளைக் கொண்டு ஆராயும் முறை பிக்ஸ் சோதனை எனப்படும். 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இச்சோதனை இன்றும் நடைபெறுகிறது. பிக்ஸ் என்றால் பெட்டி.

ஒவ்வொரு நாள் வேலையிலிருந்தும் சில நாணயங்களைப் பொறுக்காமல் எடுத்துப் பூட்டிய பெட்டியில் இடுவர். பின்னொரு நாள் பொற்கொல்லர்கள் அடங்கிய நடுவர் குழுவின் முன் பெட்டி திறக்கப்படும். குறை கண்டால் நாணயச்சாலைத் தலைவர் பொறுப்பேற்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது ஒரே உலையில் வெந்த சோற்றுக்குச் சரி. வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு உருக்கில் வார்த்த நாணயங்களுக்கு ஒவ்வொரு நாளின் பங்கும் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதை அக்காலத்திலேயே உணர்ந்திருந்தது வியப்புக்குரியது.

மாதிரி எடுத்த முறை நன்று. எடை போட்ட முறையில்தான் ஓட்டை இருந்தது. நாணயங்களை மொத்தமாக நிறுத்தார்கள். ஒரு நாணயத்துக்கு அனுமதித்த எடை வேறுபாட்டை, 100 நாணயங்களுக்கு 100 மடங்காகப் பெருக்கிக்கொண்டார்கள். ஆனால் தற்செயலாக நேரும் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், 100 நாணயங்களின் மொத்த எடையில் வேறுபாடு ஏறக்குறைய 10 மடங்கே வளரும். 100இன் வர்க்கமூலம் 10 அல்லவா? ஆகவே ஒவ்வொரு நாணயத்திலும் சிறிதளவு பொன்னைக் குறைத்து அச்சிட்டாலும் சோதனையில் அகப்படாமல் தப்பிவிடலாம். இந்த வர்க்கமூல விதியின் கணிதத்தை 18ஆம் நூற்றாண்டில் வளர்த்தவர் டி மாய்வர். அவர் ஐசக் நியூட்டனின் நண்பர். நியூட்டனோ 1696 முதல் நாணயச்சாலையில் பணியாற்றி, பின்பு அதன் தலைவராகவும் இருந்தவர்!

மொத்த எடை வேறொன்றையும் மறைத்தது. சராசரி சரியாக இருந்தாலும் தனி நாணயங்கள் கூடியும் குறைந்தும் இருக்கலாம். கனமான கினிகளைப் பொறுக்கியெடுத்து உருக்கி, அந்தப் பொன்னை மீண்டும் நாணயச்சாலைக்கே கொண்டுவந்து சிலர் ஆதாயம் பார்த்தனர். மக்கள் கையில் இலேசானவையே மிஞ்சின. நாணயங்களுக்கிடையிலான எடை வேறுபாட்டைக் குறைக்க நியூட்டன் முயன்றார்.

ஒரு தொகுதியில் எத்தனை பொருள்களைச் சோதிப்பது, எத்தனை பழுது கண்டால் தொகுதியைத் திருப்புவது என்பதைக் கணக்கிட்டு அட்டவணைகளாக்கியவர்கள் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாட்ஜும் ரோமிக்கும். அது 20ஆம் நூற்றாண்டில் நடந்தது. நாணயச்சாலை இப்போது வேல்சில் உள்ளது. பெட்டிகளை மட்டும் இன்றும் இலண்டன் பொற்கொல்லர் மன்றத்தில்தான் திறக்கிறார்கள்.