ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கொரியன் மெஸ் பிறந்த கதை

அரியலூர், பெரம்பலூர் பக்கத்தில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகள் பலர் பெட்டியோடு பஸ் ஏறுவது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும்தான். போன கொஞ்ச நாளிலேயே கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகள் அவர்கள் கண்ணில் படும். கொரியத் தொடர்களும் பாட்டுகளும் பிரபலமான பிறகு முளைத்தவை என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, கார் ஆலையைத் தொடர்ந்து வந்தவை அவை.

1996 மே மாதம் ஹூண்டாயின் இந்திய நிறுவனம் பதிவானது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்து, 1998 செப்டம்பரில் சான்ட்ரோ கார் சந்தைக்கு வந்தது. கார் கம்பெனி தனியாக வராது. உதிரிபாகம் செய்து தரும் கொரிய கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. கொரியப் பொறியாளர்களில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். வேலை முடிந்த இரவில் அவர்களுக்கு விருந்து வேண்டியிருக்கவில்லை. ஒட்டும் பதத்தில் வெந்த சோறு, புளித்த சோயா விழுதில் கொதித்த தென்ஜாங் குழம்பு, காய்கறியைப் புளிக்கவைத்த கிம்ச்சி கொஞ்சம், இவ்வளவுதான். அந்தப் பசிக்குத்தான் கெஸ்ட் ஹவுஸ் சமையலறைகளும் சிறு கடைகளும் தோன்றின.

வீட்டுச் சாப்பாட்டுக்குக் கொரியாவில் பெக்பன் என்று பெயர். சோறு, சூப், அவற்றைச் சுற்றிச் சின்னத் தட்டுகளில் கீரை, முளைகட்டிய பயறு, நெத்திலி வறுவல், ஊறுகாய் வகைகள். இந்தத் தொட்டுக்கைகளுக்குத் தனி விலை கிடையாது. தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள். கிண்ணமும் கரண்டியும் சாப்பிடும் குச்சியும்கூட எவர்சில்வர். நம்மூர் மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இதில் மலைக்க எதுவும் இல்லை. சைவம் சாப்பிடுபவர்கள் மட்டும் கிம்ச்சியை எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். இறால் அல்லது மீன் உப்புச்சாறு சேர்ப்பதுதான் வழக்கம்.

அந்தக் கிம்ச்சியின் சிவப்புக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. பழைய கொரியக் கிம்ச்சி உப்பில் ஊறிய காய்தான். மிளகாய் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜப்பானியப் படையெடுப்புக் காலத்தை ஒட்டி அங்கே வந்தது என்பது பரவலான கருத்து. 1614இல் யி சுக்வாங் என்ற அறிஞர் அதை நஞ்சுள்ள பொருளாகத்தான் குறித்து வைத்தார். 1766இல் வந்த நூலில்தான் மிளகாய் சேர்த்த கிம்ச்சியின் செய்முறை தெளிவாக இருக்கிறது. நமக்கும் அதே 16ஆம் நூற்றாண்டில், போர்ச்சுகீசியர் கப்பலில் வந்ததுதான் மிளகாய். அதுவரை இங்கே காரம் என்றால் மிளகு. இரண்டு நாட்டுச் சமையலையும் ஒரே விதை மாற்றிப்போட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

குளிர்காலத்துக்கு முன் கிம்ச்சியைப் பானையில் அடைத்து மண்ணில் புதைப்பது கொரியர்களின் பழைய வழக்கம். குளிரில் அது மெதுவாகப் புளிக்கும். நம் வெயிலில் வெளியே வைத்தால் ஓரிரு நாளிலேயே புளித்துப் பொங்கிவிடும். அதிகம் புளித்ததை யாரும் கொட்டுவதில்லை. டோஃபுவோ பன்றி இறைச்சியோ சேர்த்துக் குழம்பாக்கிவிடுவார்கள். 1995இல் கிம்ச்சிக்கென்றே ஒரு குளிர்பெட்டி கொரியாவில் விற்பனைக்கு வந்து பெரும் வெற்றி கண்டது. அதைச் செய்தது மாண்டோ என்ற கார் உதிரிபாகக் கம்பெனி. அதே மாண்டோவின் பிரேக் ஆலை பிறகு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கும் வந்தது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கொரியக் கடைகளில் தண்ணீருக்குப் பதிலாக வறுத்த பார்லியோ மக்காச்சோளமோ கொதிக்கவைத்த நீரைத் தருவதுண்டு. சர்க்கரை கிடையாது, வறுவல் மணம் மட்டும். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்னணியில் இருக்கிறது. விளைவதில் பெரும்பகுதி கோழித்தீவனத்துக்குப் போகிறது. இந்த நீருக்கோ காய்ந்த மணியைக் கருகாமல் நிதானமாக வறுக்கத் தெரிந்தால் போதும், வேறு எந்திரம் வேண்டாம். நம் மகளிர் குழுக்கள் ஒரு மூட்டையில் தொடங்கிப் பார்க்கலாம். வாங்கும் கடைகள் ஒரு ராத்திரி லாரிப் பயண தூரத்தில்தான் இருக்கின்றன.