எதிரி கட்டிய கோபுரத்தையும் இடிக்காத ஊர்

உக்ரேன் என்ற பெயரைக் கேட்டதும் மலேசியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 2014 ஜூலை 17ஆம் தேதி 298 உயிர்களோடு அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்.எச்.17 விமானம்தான். அதன் பிறகு 2022 பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யா தொடுத்த முழுப் போர். துயரச் செய்திகள் வழியாக மட்டுமே ஒரு நாட்டை அறிந்துகொள்வது முழுமையான அறிவாகாது. அந்த மண்ணில் எப்படிப்பட்ட ஊர்கள் இருக்கின்றன, அவற்றை யார் கட்டினார்கள், யார் காப்பாற்றினார்கள் என்பதையும் தெரிந்துகொண்டால்தான் அங்கே எது அழிகிறது என்பது புரியும். அதற்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் கமியானெட்ஸ் பொடில்ஸ்கி.

கல்லே பெயரான ஊர்

உக்ரேனின் தென்மேற்கில், தலைநகர் கீயிவிலிருந்து வெகு தொலைவில், பொடில்லியா என்ற வட்டாரம் இருக்கிறது. தெற்கு பூக் ஆறும் டினிஸ்டர் ஆறும் இதன் முக்கிய நீர்வழிகள். உலகப் புகழ்பெற்ற கரிசல் மண்ணும் கோதுமை வயல்களும் நிறைந்த பூமி. இந்த வட்டாரத்தின் பழைய தலைநகர்தான் கமியானெட்ஸ். அந்த மொழியில் 'கமின்' என்றால் கல். பொடில்லியாவின் கல்லூர் என்று பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லலாம்.

ஊரின் அமைப்பைப் பார்த்தால் பெயர்க் காரணம் விளங்கும். டினிஸ்டரில் போய்க் கலக்கும் ஸ்மோட்ரிச் என்ற சிற்றாறு, இங்கே சுண்ணாம்புப் பாறையை ஆழமாக அறுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஒரு முழு வளையமாகச் சுற்றி ஓடுகிறது. அந்த வளையத்துக்குள் ஒரு தீவைப் போல நிற்கும் பாறை மேட்டின் மேல் பழைய ஊர் இருக்கிறது. நாலாபுறமும் செங்குத்தான பள்ளத்தாக்கு. மேற்கே ஒரு குறுகிய கழுத்து போன்ற பாறைப் பகுதி மட்டுமே ஊரை வெளி நிலத்தோடு இணைக்கிறது. அந்தக் கழுத்துக்கு அப்பால், வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது கோட்டை.

இந்தப் பாறைகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தவை. பக்கத்தில் நீண்டு கிடக்கும் டோவ்ட்ரி குன்றுகளும் ஒரு காலத்தில் கடலுக்குள் இருந்த திட்டுகளின் மிச்சமே. இப்பகுதி 1996இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இயற்கை பாதி வேலையை முடித்துவிட்டது. மீதியை மனிதன் முடித்தான். போலந்து வாசல், ரூத்தேனிய வாசல் என்ற இரண்டு நுழைவாயில்கள் ஆற்றங்கரையிலேயே கட்டப்பட்டன. மதகுகளை மூடினால் ஆற்று நீர் தேங்கிப் பள்ளத்தாக்கை நிரப்பும். எதிரி ஊரை நெருங்க முடியாது.

மூன்று சந்தைகள், மூன்று சட்டங்கள்

14ஆம் நூற்றாண்டில் லித்துவேனியாவைச் சேர்ந்த கொரியாத்தோவிச் இளவரசர்கள் இந்த ஊரை ஆண்டார்கள். 1434இல் இது போலந்து அரசின் பொடில்லியா மாகாணத்துக்குத் தலைமையிடமானது. கிழக்கிலிருந்து வந்த வணிகப் பாதையில் அமைந்திருந்ததால் பல இனத்தார் குடியேறினர். அவர்களில் ரூத்தேனியர்கள் (இன்றைய உக்ரேனியர்களின் முன்னோர்), போலந்துக்காரர்கள், ஆர்மீனியர்கள் ஆகிய மூன்று சமூகத்தாருக்கும் தனித்தனிச் சட்டமும் நிர்வாகமும் இருந்தன. இன்றும் பழைய ஊருக்குள் போலந்துச் சந்தைத் திடல் என்றும் ஆர்மீனியச் சந்தைத் திடல் என்றும் தனித்தனியே இருக்கின்றன.

ஆர்மீனியர்களின் கதை சுவையானது. இவ்வூரில் அவர்கள் நடத்திய நீதிமன்றத்தின் பதிவேடுகள் இன்றுவரை கிடைத்திருக்கின்றன. அவற்றில் எழுத்து ஆர்மீனிய எழுத்து. ஆனால் மொழியோ ஆர்மீனியம் அல்ல, கிப்சாக் எனப்படும் ஒரு துருக்கிய மொழி. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறையை அறிந்த நமக்கு இது வியப்பாக இருக்காது. வணிகத்துக்காகப் பல நாடு கடந்து வந்த மக்கள், வழியில் கற்ற மொழியைத் தங்கள் எழுத்துக்குள் வைத்துக்கொண்டார்கள்.

இந்த எல்லை ஊரைக் காப்பது போலந்துக்கு மட்டுமின்றிக் கத்தோலிக்க ஐரோப்பாவுக்கே முக்கியமாக இருந்தது. கோட்டையின் ஒரு கோபுரத்துக்குப் போப்பாண்டவர் கோபுரம் என்று பெயர். போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ் கொடுத்த பணத்தில் கட்டப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. இன்னொரு கோபுரத்துக்குள் பாறையைக் குடைந்து சுமார் 40 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு வெட்டியிருக்கிறார்கள். முற்றுகையின்போது தண்ணீர் இல்லாமல் சரணடையக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

1672: கோட்டை விழுந்தது

1621இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் உஸ்மான் இந்தப் பக்கம் படையெடுத்து வந்தார். இந்த ஊருக்கு இப்படி ஓர் அரணை அமைத்தது யார் என்று அவர் கேட்டாராம். கடவுளே அமைத்தார் என்று பதில் வந்ததாம். அப்படியானால் கடவுளே வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போனதாக ஊர்க்கதை சொல்கிறது. கதை உண்மையோ இல்லையோ, ஊர் மக்களுக்குத் தங்கள் பாறையின் மேல் இருந்த நம்பிக்கையை அது காட்டுகிறது.

1672 ஆகஸ்டில் அந்த நம்பிக்கை உடைந்தது. சுல்தான் நான்காம் மெஹ்மெட் பெரும் படையோடு தானே நேரில் வந்தார். கோட்டைக்குள் இருந்த காவலர்களோ மிகக் குறைவு. பீரங்கிகளின் காலத்தில் பழைய கற்சுவர் எத்தனை நாள் தாங்கும்? அந்த மாத இறுதிக்குள் ஊர் பணிந்தது. கோட்டையை ஒப்படைக்கும் நேரத்தில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. தளபதி யேர்ஸி வொலொடியோவ்ஸ்கி அதில் உயிரிழந்தார். போலந்து எழுத்தாளர் ஹென்ரிக் சியென்கியேவிச் 1888இல் வெளியிட்ட நாவலில் அவரைக் கதாநாயகனாக்கினார். 1969இல் அது திரைப்படமாகவும் வந்தது. நாவலிலும் அவர் அந்த வெடிப்பில் மாள்வதுபோல் வரும். வரலாற்றில் கிடங்கைக் கொளுத்தியவர் வேறொரு பீரங்கிப் படை அதிகாரி.

அதே ஆண்டு அக்டோபரில் புச்சாச் உடன்படிக்கையின்படி பொடில்லியா துருக்கியர் கைக்குப் போனது. 27 ஆண்டுகள் இது ஒட்டோமான் பேரரசின் மாகாணமாக இருந்தது. புனித பேதுரு பவுல் பேராலயம் பள்ளிவாசலானது. அதன் முன்புறத்தில் உயரமான கல் மினாரா ஒன்று எழுப்பப்பட்டது. ஊரையும் கோட்டையையும் இணைக்கும் பாலத்தையும் துருக்கியர் பலப்படுத்தினார்கள்.

மினாராவின் மேல் மாதா

1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையின்படி ஊர் போலந்துக்குத் திரும்பியது. பள்ளிவாசல் மீண்டும் தேவாலயமானது. அப்படியானால் மினாரா என்ன ஆனது? அதை இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிக்கக்கூடாது என்று உடன்படிக்கையில் நிபந்தனை இருந்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. எப்படியோ மினாரா நின்றது. 1756இல் அதன் உச்சியில் பொன்முலாம் பூசிய கன்னி மரியாள் சிலையை ஏற்றி வைத்தார்கள். இன்றும் அந்தக் காட்சியைக் காணலாம். அடியில் துருக்கியரின் மினாரா, உச்சியில் கத்தோலிக்கரின் மாதா. ஐரோப்பாவில் இதைப்போல் இன்னொன்றைக் காண்பது அரிது.

சுற்றுலாக் கையேடுகள் இதைச் சமய நல்லிணக்கத்தின் சின்னம் என்று எழுதுகின்றன. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்றை முழுதாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். வென்றவன் தோற்றவனின் கோபுரத்தின் மேல் ஏறி நின்றான் என்றும் இதைப் படிக்கலாம் அல்லவா? சிலை ஏறிய மறு ஆண்டே, 1757இல், இதே ஊரில் ஆயர் டெம்பொவ்ஸ்கியின் தலைமையில் யூதர்களின் தால்மூட் வேதநூலுக்கு எதிராக ஒரு வழக்காடல் நடந்தது. அதன் முடிவில் அந்த நூலின் படிகள் தீயிட்டுக் கொளுத்தப்பட்டன. மாற்றாரின் கல்லைப் பொறுத்துக்கொண்ட ஊர், பக்கத்தில் வாழ்ந்தவர்களின் புத்தகத்தைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

சிறை, தலைநகர், படுகொலைக் களம்

1793இல் போலந்து இரண்டாம் முறையாகப் பங்கு போடப்பட்டபோது ஊர் ரஷ்யப் பேரரசிடம் சென்றது. எல்லை தள்ளிப்போனதால் கோட்டையின் தேவையும் குறைந்தது. அது சிறைச்சாலையாக மாறியது. பண்ணையடிமை முறையை எதிர்த்துக் கிளம்பிய உஸ்டிம் கர்மாலியுக் இங்கே அடைக்கப்பட்டார். 1835இல் கொல்லப்பட்ட அவர் உக்ரேனியரின் நாட்டுப்புற நாயகனாக நிலைத்துவிட்டார். போப்பாண்டவர் கோபுரத்துக்கு இன்று கர்மாலியுக் கோபுரம் என்ற பெயரும் உண்டு.

1918இல் இங்கே உக்ரேனியப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. முதல் தலைவர் மொழி அறிஞர் இவான் ஒஹியென்கோ. 1919இல் உக்ரேனிய மக்கள் குடியரசின் அரசு கீயிவை இழந்தபோது, சில மாதங்கள் இவ்வூரே நாட்டின் தற்காலிகத் தலைநகராகவும் இருந்தது. பிறகு சோவியத் ஆட்சி வந்தது. பல தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. மினாரா நிற்கும் பேராலயம் நாத்திக அருங்காட்சியகமாக மாற்றப்பட்டதால் இடிபடாமல் தப்பியது.

இந்த ஊரின் வரலாற்றில் ஆகக் கொடிய பக்கம் 1941இல் எழுதப்பட்டது. ஆகஸ்ட் 26 முதல் 28 வரை, மூன்றே நாட்களில், 23,600 யூதர்களை நாஜிப் படைகள் சுட்டுக் கொன்றன. அவர்களில் பெரும் பகுதியினர் ஹங்கேரியிலிருந்து விரட்டப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். மற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். அந்தப் போரில் யூதர்கள் பல்லாயிரக் கணக்கில் ஒரே தொடராகக் கொல்லப்பட்ட முதல் நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. உத்தரவிட்டவர் எஸ்.எஸ். படையின் மூத்த அதிகாரி பிரீட்ரிக் யெக்கல்ன்.

கல்லைக் காப்பது யாருக்காக?

1977இல் பழைய ஊர் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2007இல் உக்ரேனின் ஏழு அதிசயங்களில் ஒன்றாகவும் தேர்வானது. யுனெஸ்கோவின் பரிசீலனைப் பட்டியலில் 1989ஆம் ஆண்டிலேயே இதன் பெயர் ஏறிவிட்டது. பேராலயத்தில் 1990இலிருந்து மீண்டும் வழிபாடு நடக்கிறது.

2022இல் போர் வெடித்தபோது கமியானெட்ஸ் போர்முனையிலிருந்து தொலைவில் இருந்தது. கிழக்கிலிருந்து வீடிழந்து வந்தவர்களுக்கு அது புகலிடம் தந்தது. மற்ற ஊர்களுக்கு அந்த நல்வாய்ப்பு கிட்டவில்லை. ஒடெசாவின் பழைய நகரும், பிறகு கீயிவ், லிவிவ் நகரங்களின் மரபுச் சின்னங்களும் 2023இல் யுனெஸ்கோவின் ஆபத்துக்குள்ளான உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஒரு மினாரா தப்பியதற்கும், ஒரு பேராலயம் தப்பியதற்கும், ஏதோ ஒரு நேரத்தில் யாரோ ஒருவர் இடிக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததே காரணம். அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஆர்மீனியர் சந்தைத் திடலில் இன்று ஆர்மீனியக் கடைக்காரர் இல்லை. அவர்களின் மணிக்கூண்டு நிற்கிறது. 1941க்கு முன் இருந்த யூதத் தெருக்களும் திரும்பி வரவில்லை. கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், விழுந்த கோபுரத்தைக் கூட மறுபடியும் எழுப்பலாம். அதில் மணி அடித்தவர்களையும் விளக்கேற்றியவர்களையும் எப்படி மீட்பது?

பல இனத்தார் பக்கம் பக்கமாகக் கோயில் கட்டி வாழும் எந்த நாட்டுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்பதைப் படமெடுத்து ஒற்றுமை என்று சொல்லிவிடுவது எளிது. அவற்றுக்குள் வழிபடும் மனிதர்கள் அச்சமின்றி வாழ்கிறார்களா என்று கேட்பதுதான் கடினம். கமியானெட்ஸின் பாறை இரண்டையும் பார்த்திருக்கிறது.